பெங்களூரு மைதானமா, சேலம் குகைப் பகுதித் தெருமுனையா: எந்தக் கச்சேரிக்குப் போவது?

பெங்களூரில் நடக்கப்போகும் மைதானக் கச்சேரிக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், டிக்கெட், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஏழெட்டாயிரம் ஆகிவிடும் என்கிறீர்கள். அப்பாவோ, "ஆடி மாசம் நம்ம தெருவுலயே வாசிக்கிறாங்க, அதைக் கேளு" என்கிறார். அவ்வளவு செலவழித்துப் போய் பாடகரைத் திரையில் பார்ப்பதில் என்ன இருக்கிறது, நாற்பது பேர் உட்கார்ந்து கேட்கும் சின்னக் கச்சேரியில்தான் அப்படி என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. நான் சேலம் வட்டாரத்து மேடைகளுக்கு சவுண்ட் செய்பவன். கோயில் திருவிழா, ஆர்கெஸ்ட்ரா, கர்நாடக சங்கீதக் கச்சேரி, கூத்து, கல்யாண ரிசப்ஷன் என்று எது கூப்பிட்டாலும் மிக்ஸரை, அதாவது மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் போர்டைத் தூக்கிக்கொண்டு போவேன். அதனால் என் பதிலில் பாட்டைவிடக் காதைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கச்சேரிக்குப் போவது கூட்டத்துக்காக. சின்னக் கச்சேரிக்குப் போவது வாசிப்பவருக்காக. இதை மாற்றிப் புரிந்துகொண்டு போகிறவர்கள்தான் இரண்டு இடத்திலிருந்தும் குறைபட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் வாசித்தார்கள். 55 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அத்தனை பேருக்குக் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. கிடாருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபையர், பாட்டுக்கு மைதானத்தில் அறிவிப்புச் சொல்ல மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். இன்று நம் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு தெருவுக்கு இறக்குகிற செட்டே அதைவிடப் பெரியது. கூட்டம் போட்ட கூச்சலில் மேடையில் நின்றவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பல காரணங்கள், இதுவும் ஒன்று. ஆனால் அன்றைக்கு அங்கே போனவர்கள் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டே சரியாகக் கேட்காத கச்சேரியை எதற்காக அப்படிக் கொண்டாட வேண்டும்? சுற்றிலும் இருந்த 55 ஆயிரம் பேருக்காகத்தான்.

இப்போது தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. மேடையின் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். லைன் அரே என்போம். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டியன் ஹைல் 1992-ல் கொண்டுவந்த வகை அது. சாதாரண ஸ்பீக்கர் பெட்டி ஒன்றிலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாக 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். வரிசையாகத் தொங்கவிட்டால் ஒரு குறிப்பிட்ட தூரம் வரை 3 டெசிபல்தான் குறையும். முன்வரிசைக்காரனின் காதைக் கிழிக்காமல் பின்வரிசைக்காரனுக்கும் கொண்டுசேர்க்க முடிவது இதனால்தான்.

ஆனாலும் இயற்கையை ஏமாற்ற முடியாது. சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். நீங்கள் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், திரையில் டிரம்மர் குச்சியை இறக்கிக் கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் அடி உங்களுக்குக் கேட்கும். இதைச் சரிக்கட்ட மைதானத்தின் நடுவே தனி கோபுரம் கட்டி, அதில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்புவார்கள். முன்னாலிருந்து வரும் சத்தமும் கோபுரத்துச் சத்தமும் ஒரே நேரத்தில் உங்கள் காதுக்கு வந்து சேரும். வாய் அசைவுக்கும் குரலுக்கும் இடையில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியை மட்டும் மைதானம் முழுக்க ஒரே மாதிரி யாராலும் மூட முடியாது. ஆறாயிரம் கொடுத்தவர் திரைக்குக் கீழே நின்று "சிங்க் இல்லையேப்பா" என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

அப்புறம், பெரிய மேடையில் பாடுகிறவர் நீங்கள் கத்துவதை நேரடியாகக் கேட்பதே இல்லை. காதை அடைத்தாற்போல இன்-இயர் என்ற சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருப்பார். அதில் அவருடைய குரலும், வாத்தியங்களும், தாளத்துக்கு டிக் டிக் என்று ஒரு கிளிக்கும் ஓடும். கூட்டத்தின் சத்தம் அவர் காதுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்துத் தனி மைக் வைப்பார்கள். விளக்கு, திரைக்காட்சி, வாணவேடிக்கை எல்லாம் அந்தக் கிளிக்கோடு கட்டப்பட்டிருப்பதால், "இன்னொரு தடவை பல்லவியைச் சுத்தலாம்" என்று பாடகருக்குத் தோன்றினாலும் பெரும்பாலும் முடியாது. மும்பையில் கேட்டதும் அகமதாபாத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

குறை மாதிரி தெரிந்தாலும், கூட்டத்துக்காகப் போகிறவருக்கு இது குறையே இல்லை. 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் கோல்ட்ப்ளே இசைக்குழு வாசித்தபோது ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒளிரும் பட்டை ஒன்று, பாட்டுக்கு ஏற்றபடி அத்தனையும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். அங்கே பார்க்க வேண்டியது மேடையை இல்லை, எதிர்ப்பக்கத்து இருக்கைகளை. அதே மாதிரி, பத்தாயிரம் பேர் சேர்ந்து ஒரு பழைய சினிமாப் பாட்டின் சரணத்தைப் பாடும்போது கவனியுங்கள். ஆளுக்கு ஒரு சுருதி, ஆளுக்கு ஒரு கட்டை. ஆனால் மொத்தமாகக் கேட்டால் எப்படியோ சுருதி சேர்ந்தே ஒலிக்கும். வீட்டில் பாடினால் கதவைச் சாத்திவிட்டுப் போவார்களே, அந்தக் குரலுக்கும் அதில் இடம் உண்டு. இதை நாற்பது பேர் கச்சேரியில் எந்த வித்வானாலும் தர முடியாது.

ஏற்பாடு சொதப்பினால் கதை வேறு. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு ஊரறிந்தது. கூட்டத்துக்காகப் போகிற இடத்தில் கூட்டமே கெடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் டிக்கெட் எடுக்குமுன் யார் பாடுகிறார் என்பதோடு எந்த இடம், எத்தனை வாசல், வண்டி எங்கே நிறுத்துவது என்றும் பாருங்கள். சேலத்துக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெங்களூரு 200 கிலோமீட்டர், கோவை 165, சென்னை 340. சென்னையில் திறந்தவெளிக் கச்சேரி இரவு 10 மணி வாக்கில் முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சென்ட்ரலுக்கு வந்து, 11 மணி வாக்கில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பது என்றால் கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டு ஓட வேண்டும். கடைசி இரண்டு பாட்டுக்காகத்தானே போனோம்! பேசாமல் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், அந்தச் செலவையும் சேர்த்தே யோசியுங்கள்.

சரி, சின்னக் கச்சேரி.

நம் ஆட்களுக்குப் பெரிய கூட்டத்துக்கு வாசிப்பது கரண்ட் வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. நாகஸ்வரமும் தவிலும் நாலு வீதியும் கேட்பதற்கென்றே அமைந்த வாத்தியங்கள். சாமி புறப்பாட்டின்போது கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே வாசிக்க வேண்டும், அதற்கேற்ற சத்தம் அதற்குள்ளேயே இருக்கிறது. மைக் பரவாத காலத்தில் நாடக மேடைப் பாடகர்கள் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதிக்கு ஏறிப் பாடினார்கள். 1930-களில் மைக் பரவத் தொடங்கியதும்தான் தாழ்ந்த சுருதியில், காதோடு பேசுகிற மாதிரி பாடுவதற்குப் பெரிய அரங்கிலும் வழி பிறந்தது. வேடிக்கை பாருங்கள், சின்னக் கச்சேரியின் நெருக்கத்தைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோகத்தான் மைக் உதவியது. கத்துவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

அந்த நெருக்கத்தை நேரிலேயே பார்க்க வேண்டுமானால் நவராத்திரியிலோ மார்கழியிலோ ஏதாவது கோயில் மண்டபத்தில் கச்சேரி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னாடியே போய், மிருதங்கக்காரருக்கு இரண்டு முழம் தள்ளி உட்காருங்கள். இடப்பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வட்டமாக அப்புவார். விரலால் ஒரு தட்டு, இன்னும் கொஞ்சம் ரவை, மறுபடி ஒரு தட்டு. கும்மென்று அடிவயிற்றில் விழும் நாதம் வந்தவுடன் கையைத் துடைத்துக்கொள்வார். வலப்பக்கத்து வலந்தலையைத் திருப்பி, சின்னக் கல்லால் விளிம்பை மேலும் கீழும் தட்டித் தம்புராவோடு சேர்ப்பார். ஒரு இடத்தில் மட்டும் சுருதி இழுத்துக்கொண்டு நிற்கும், அதற்கு நாலு தட்டு கூட. இது எதுவும் மைதானத்தில் தெரியாது; மேடைக்குப் பின்னால் நடந்து முடிந்திருக்கும். கச்சேரி தொடங்கிய பிறகு நீங்கள் தொடையில் போடும் தாளம் பாடகர் கண்ணில் படும். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் ஒரு வரி உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தால், அதே வரியை இன்னும் ஒரு சுற்று எடுப்பார். முன்வரிசையில் நாலு பேர் செல்போனைப் பார்த்தால் சுருக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். எத்தனையோ தடவை மிக்ஸர் போர்டு முன்னாலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கச்சேரி நன்றாக அமைவதில் பாதிப் பொறுப்பு கேட்கிறவர் தலையில் விழுகிறது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது காபி குடிக்க எழுந்து போகிறவர்களை இங்கே ஒரு வார்த்தை திட்டிவிட்டு மேலே போகிறேன்.

உங்கள் அப்பா சொல்லும் ஆடிக் கச்சேரி இன்னொரு ரகம். கோட்டை மாரியம்மனில் தொடங்கி குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரே பண்டிகை கொண்டாடும்போது தெருவுக்குத் தெரு மேடை. அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும். இரண்டு தெரு சந்திக்கும் முனையில் நின்றால் இடது காதில் ஒரு பாட்டு, வலது காதில் ஒரு பாட்டு. சவுண்டுக்காரனுக்கு அது நரகம். ஆனால் அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. ஒரு பாட்டி கொடுத்தனுப்பும் துண்டுச்சீட்டில் ஒரு பாட்டு இருக்கும். பாடகி கீபோர்டுக்காரரைப் பார்த்து, "அண்ணா, தொண்டை கட்டியிருக்கு, ஒண்ணு இறக்கிக்கலாமா?" என்பார். அவர் பட்டனைத் தட்டி அரைச்சுருதி இறக்குவார், தபலாக்காரர் முகத்தைச் சுளிப்பார், பாட்டு தொடங்கிவிடும். ஒத்திகை பார்க்காத பாட்டு. இரண்டாவது இடையிசையில் கிடார் தடுமாறும், கீபோர்டு வந்து கைகொடுக்கும். எந்த ரெக்கார்டிலும் இல்லாத ஒரு வடிவம் அந்தத் தெருவில் நாலு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். பெரிய கச்சேரிக்கு ஜனங்கள் ரெக்கார்டில் கேட்டபடியே கேட்கப் போகிறார்கள். இங்கே ரெக்கார்டில் இல்லாததுதான் விசேஷம்.

தெருக்கூத்தை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, எல்லாவற்றுக்கும் மேலே காதைக் குத்தும் முகவீணை. முகவீணை என்பது நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி, ஒரு முழம்கூட இருக்காது. அதை வாசிப்பவர் மூச்சை விடாமல் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டே மூக்கால் இழுப்பதை நாலடி தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பாய் போட்டுப் படுத்திருப்பவரைப் பார்த்து, "என்னங்க மாமா, அதுக்குள்ள தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் பாரதத்துக்குத் திரும்புவார். விடிய விடிய ஆட வேண்டிய கூத்துக்கு இன்று ஒரு தொல்லை: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த விதி. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதனால் மைக்கை அணைத்துவிட்டு ஆடும் குழுக்கள் உண்டு. என் பிழைப்புக்கு நட்டம்தான், ஆனாலும் சொல்கிறேன், மைக் இல்லாத கூத்துதான் கேட்க வேண்டிய கூத்து.

பெரியதும் நல்லது, சின்னதும் நல்லது என்று முடித்துவிட முடியாது, நடுவில் ஒன்று இருக்கிறது. எண்ணூறு நாற்காலி போட்ட கல்யாண மண்டப ரிசப்ஷன் கச்சேரி. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் கிரானைட், மேலே உயரமான கூரை, சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இருக்காது. பாடிய வார்த்தை நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் ஏறும். வார்த்தை புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் இன்னும் புரியாது. பேசிக்கொண்டிருப்பவர்கள் அதற்கும் மேலே கத்திப் பேசுவார்கள். மைதானத்தின் ஆரவாரமும் இல்லை, கோயில் மண்டபத்தின் நெருக்கமும் இல்லை. அதே கல்யாணத்தில் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முன்னால் ஆறு மணிக்கு நாகஸ்வரக்காரர் யாரும் இல்லாத நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருப்பார் பாருங்கள், அதற்குப் போய் உட்காருங்கள். ஒரு அரங்கம் தேறுமா என்று தெரிய வேண்டுமானால் காலியாக இருக்கும்போது ஒரு தரம் பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய சத்தம் உடனே அடங்கினால் உட்காரலாம். "ட்ட்டடடட" என்று சுற்றிக்கொண்டு வந்தால் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

ஏற்காட்டையும் சொல்லிவிடுகிறேன், மே மாதக் கோடை விழாவுக்கு எப்படியும் போவீர்கள். கூட்டம் பெரிது, ஆனால் மனம் மலர்க்கண்காட்சியிலும் ஏரியிலும் இருக்கும். மேடையைக் கேட்க வந்தவர்கள் சிலர்தான். கூட்டம் கலைந்த பிறகு முன்னால் போனால் நல்ல இடம் கிடைக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் அது. சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த வாத்தியம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்ததும் வேறு ஆளாகிவிடும். குளிர்ந்த காற்றில் சத்தத்தின் வேகம் குறைவதால் புல்லாங்குழலின் சுருதி இறங்கும். குளிரில் கம்பி சுருங்கி வீணையின் சுருதி ஏறும். ஈரக்காற்றுக்கு மிருதங்கத்துத் தோல் தளரும். மூன்றையும் ஒரே மேடையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சுருதி சேர்க்கிற கலைஞர்களைப் பார்த்து "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்காதீர்கள். பலன் இருக்கிறது. ஈரமான காற்றில் ஜால்ரா, குழல் போன்ற கூர்மையான ஒலிகள் வறண்ட காற்றைவிடத் தூரம் போகும்; கீழே சேலத்தில் முப்பதாவது வரிசையில் மங்கிப்போகிற ஜால்ரா அங்கே பளிச்சென்று வரும்.

உங்கள் ஏழெட்டாயிரத்துக்கு வருவோம். பாடப்போகிறவரின் பாட்டுகளில் முக்கால்வாசி உங்களுக்கு மனப்பாடம் என்றால் பெங்களூருக்குப் போங்கள். கூடச் சேர்ந்து பாடத் தெரியாதவருக்கு மைதானத்தில் வேலை இல்லை. பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். சின்னக் கச்சேரிக்கு இதற்கு நேர்மாறு. தெரியாதவர் வாசிப்பதற்குத்தான் போக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் போனது ஒரு மாலைப்பொழுதும் பஸ் டிக்கெட்டும்தான்.

மைதானத்துக்குப் போனால் மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில், வேலி போட்டு மிக்ஸர் வைத்திருக்கும் மேடையைத் தேடி அதை ஒட்டி நில்லுங்கள். அங்கே நிற்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவர் கேட்பதே உங்களுக்கும் கிடைக்கும். தரையில் அடுக்கியிருக்கும் பேஸ் பெட்டிகளுக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள், நெஞ்சு அதிர்வதைத் தவிர ஒன்றும் கேட்காது. காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. மைதானத்தின் முன்பகுதியில் 100 டெசிபல் சர்வசாதாரணம். பஞ்சு வைப்பது உதவாது, காதுக்குள் அழுத்தி வைக்கும் நுரை அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். உருட்டி மெல்லிசாக்கி, காதின் மேல்பகுதியைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டு, விரிகிற வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது காதில் ஒரு ரீங்காரம் இருந்து மறுநாளும் தீரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.